ஏழுதலைக்கு ஊதிய விசில்

ஆற்றில் தண்ணீர் விட்ட அன்று, எப்போதும் போல முதலில் நுரை வந்தது, நுரைக்குப் பின்னால் சருகும் ஒற்றைச் செருப்பும் தேங்காய் மட்டையும் வந்தன, அவற்றுக்குப் பின்னால் ஏழுதலை வந்தது. வாய்க்கால் கரையில் பூவும் நெல்லும் தூவுவதற்காக நின்றிருந்த சேந்தவெளிப் பெண்கள், கையில் இருந்ததைத் தூவிவிட்டு, அது போவதற்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். வாய்க்காலின் அகலம் அதற்குப் போதவில்லை. இரண்டு கரையிலும் வயிறு உரச, ஏழு கழுத்தையும் ஒரு கட்டு விறகைப் போல இறுக்கிக்கொண்டு, தேர் முக்குத் திரும்புகிற நிதானத்தோடு ஒவ்வொரு வளைவிலும் திரும்பித் திரும்பி, பொழுது சாய்வதற்குள் ஏரிக்குள் இறங்கி, வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மடையின் மேல் படுத்துக்கொண்டது.

அது ஏன் வந்தது என்று சேந்தவெளியில் யாரும் அதிக நேரம் பேசவில்லை. நம்ம கோயில் வேப்பமரத்தடி நாகருக்குத் தலை அஞ்சு, இதுக்கு ரெண்டு கூட, அவ்வளவுதானே என்றார்கள். முதல் வெள்ளிக்கிழமை பாலும் முட்டையும் கொண்டுபோனார்கள். அது மூச்சு விட்டதும் சொம்பில் இருந்த பால் திரிந்தது, தாமரை இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன, கிளையில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி ஒன்று பழம் போல உதிர்ந்தது. அதற்குப் பிறகு ஊர் தன் வழக்கங்களைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டது. துணி துவைக்கிறவர்கள் ஊருக்கு இருந்த ஒரே பம்புசெட்டுக்குப் போனார்கள், எருமைகள் தாமாகவே மேற்கு வரப்பைப் பிடித்தன, காற்று ஏரிப்பக்கமிருந்து அடிக்கிற நேரத்தில் யாரும் சோற்றுப்பானையைத் திறந்து வைப்பதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தலைகளுக்குப் பெயர் வைத்தார்கள். நடுவில், வெயில் பட்டால் தேய்த்த பித்தளைக் குடம் போல மின்னுகிற தலைக்கு மட்டும் எந்தப் பெயரும் பொருந்தவில்லை, அதனால் அதைப் பெரியது என்றே விட்டுவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு வழி கிடைத்தது, தண்ணீருக்கு மட்டும் கிடைக்கவில்லை. மடையைத் திறக்கப் போனவர்கள் மயங்கி விழுந்து கயிறு கட்டி இழுத்துவரப்பட்டார்கள். ஏரி ததும்பிக்கொண்டிருக்க, அதற்குக் கீழே சம்பாவுக்கு விட்டிருந்த நாற்றங்கால்கள் நுனியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வந்தன. இப்படியே போனால் அந்த வருஷத்துக்குச் சோறு இல்லை என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பவுனாம்பாளின் நாற்றங்காலும் அவற்றில் ஒன்று. காலையில் அதைப் போய்ப் பார்ப்பாள், குனிந்து ஒரு நாற்றை விரலால் நீவிவிடுவாள், திரும்பி வருவாள். கழுத்தில் கருப்புக் கயிற்றில் ஒரு விசில் ஆடிக்கொண்டிருக்கும். சேந்தவெளி கபடி ஊர். தவழுகிற பிள்ளையின் முன்னால் கோடு போட்டு, அது தாண்டுகிறதா என்று பார்த்துச் சிரிக்கிற ஊர். ஒரு காலத்தில் பவுனு பாடிப் போனால் எதிர்ப்பக்கம் நிற்பவர்கள் பின்னங்கோட்டில் ஒட்டிக்கொள்வார்கள் என்று சொல்வார்கள். முழங்கால் முறுக்கிக்கொண்ட பிறகு நடுவர் தேர்வு எழுதிப் பாஸ் செய்தாள். ஆனால் கபடிக் கழகத்தின் செயலாளர் கலியபெருமாள், அவளுடைய தாய்மாமன், அவளை எந்த ஆட்டத்திலும் நடுவில் நிற்கவிட்டதில்லை. நடுவுல நின்னா ஆம்பளைங்க கத்துற கத்துல நீ மெரண்டுருவே ஆத்தா, ஓரக்கோட்டைப் பாத்துக்க என்பார். கெட்ட மனுஷர் இல்லை. அவள் முழங்கால் போன அன்று ஆஸ்பத்திரி வரைக்கும் தோளில் தூக்கிப் போனவர் அவர்தான். அதனால் அவளும் பேசாமல் ஓரத்தில் நின்று, கால் கோட்டைத் தாண்டினால் கொடியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அந்த விசிலை அவள் கோழிகளைக் கூப்பிட மட்டுமே ஊதியிருந்தாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், ஆண்கள் அணியும் அவர்களோடு ஊரின் நடுவரும் வேன் பிடித்து வெளியூர்ப் போட்டிக்குப் போயிருந்தபோது, மன்னார்குடி மினிபஸ்ஸிலிருந்து தோளில் சிங்கத்தோலோடு ஒருவன் இறங்கினான். அவன் கொண்டுவந்த கட்டையைக் கண்டக்டர் கூரைமேல் ஏற்றச் சொல்லியிருந்தார், இறக்கும்போது பஸ் ஒரு சாண் உயர்ந்தது. பெயர் ஹெர்குலிஸ் என்றான். சைக்கிளில் எழுதியிருக்குமே, அந்த ஆளா என்று டீக்கடையில் கேட்டார்கள். அவன் வாசலில் நின்ற சைக்கிளிடம் போய், அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்து, ஆமாம் என்று ஒப்புக்கொண்டான். அந்தக் காலத்தில் யவனர்கள் கப்பலில் வந்து இறங்கிய கடற்கரை அதிக தூரத்தில் இல்லை என்பதாலோ என்னவோ, அவன் பேசிய பாஷை காதுக்குள் நுழைந்ததும் தமிழாகிவிட்டது. ஒரு தட்டு போண்டாவைத் தின்றபடி அவன் சொன்ன விஷயம் இதுதான்: கடலுக்கு அப்பால், தன் நாட்டுச் சதுப்பில், இதே மிருகத்தை அவன் ஒருமுறை கொன்றிருக்கிறான். சாகிற தலைகளை எல்லாம் நெருப்பு வைத்துப் பொசுக்கியாயிற்று. சாகாத தலை ஒன்று இருந்தது. அதை ஒரு பாறைக்கு அடியில் புதைத்துவிட்டுப் போனான். பாறை நகர்ந்துவிட்டது. அந்த ஒரு தலை தனக்கு உடம்பை வளர்த்துக்கொண்டு, மற்றத் தலைகளையும் வளர்த்துக்கொண்டு, கடல் கடலாக நீந்திப் போய்விட்டது. பாக்கியை முடிக்க வந்திருக்கிறேன் என்றான்.

அன்று பிற்பகல் காற்று ஊர்ப்பக்கமிருந்து ஏரியைப் பார்த்து அடித்ததால் கரையில் ஊரே கூடி நின்றது. அவன் அரிவாளோடு தண்ணீருக்குள் இறங்கி ஒரு தலையை வெட்டினான், அந்த இடத்தில் இரண்டு முளைத்தன. இரண்டையும் வெட்டினான், நான்கு முளைத்தன. வெட்ட வெட்ட முளைத்து, முளைக்க முளைக்க வெட்டி, கடைசியில் ஏரிக்குமேல் புடலங்காய்ப் பந்தல் போலக் கழுத்துகள் தொங்கின. சேந்தவெளிக்காரர்கள் ஓர் ஆட்டத்தைப் பார்ப்பது போலவே அதைப் பார்த்தார்கள். கால் வைக்கிறது சரியில்லை, தோள்லயே எல்லாம் பண்ணுறான், இடுப்பு இறங்க மாட்டேங்குது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒரு கட்டத்தில் பெரியது திரும்பி, வெட்டுப்பட்டு மிதந்த தன் தலைகளில் ஒன்றை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவன் பின்பக்கமாகப் போய்க் கட்டையை இரண்டு கையாலும் ஓங்கினான்.

அப்போது விசில் கேட்டது.

தான் அதை எப்போது வாயில் வைத்தோம் என்று பவுனுக்கே தெரியவில்லை. ஓங்கிய கட்டை அந்தரத்தில் நின்றது. கழுத்துகள் அத்தனையும் ஆட்டத்தை நிறுத்தின. விசில் சத்தத்துக்கு நிற்பது அந்த ஊரின் ரத்தத்தில் இருந்த பழக்கம், ஆனால் அன்று அவர்கள் இரண்டு பேரும்கூட நின்றார்கள்.

"அது அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கு," என்றாள் பவுனு, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "அடிக்கக் கூடாது."

அது வாய்க்கு வாய் போய், கரையில் நின்றவர்கள் சரிதான் என்று தலையாட்டினார்கள். ஹெர்குலிஸ் அவளையே பார்த்தான். அவன் போன நாடுகளில் எல்லாம் கொல்லு என்றுதான் சொன்னார்களே தவிர, இப்படி அடிக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஏழுதலையிடமோ, அதன் இத்தனை கால ஆயுளில், செத்துப் போ என்பதைத் தவிர யாரும் எதுவும் சொன்னதில்லை. பெரியது வாயை மூடியபடி தண்ணீரின் மேல் தாழ்ந்து வந்து, அவள் கழுத்தில் தொங்கிய விசிலை வெகுநேரம் பார்த்தது.

கலியபெருமாள் கபடிக் கழகத்து மைக்கைக் கையில் வாங்கினார். சண்டையாக இருந்தால் இது முடியாது, ஆட்டமாக இருந்தால் முடியும் என்றார். வெளியே போனது திரும்ப உள்ளே வருவது இந்த மிருகத்தின் பிறவிக் குணம், அதனால் அப்படி வரவிடாத பழைய முறையில் ஆடுவோம்: தொடப்பட்டவர் வெளியே, பிடிபட்டவர் வெளியே, மூச்சு விட்டவர் வெளியே, போனவர் போனவர்தான். ஏழுதலை தோற்றால் வந்த வழியே போய்விட வேண்டும். ஜெயித்தால் ஏரி அதற்கு. பெரியது தலையைத் தாழ்த்தி அதற்கு ஒப்புக்கொண்டது. ஹெர்குலிஸ் பக்கம் வேறு ஆள் இல்லை, ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் வேண்டும், ஆண்கள் அணி ஊரில் இல்லை. ஆகவே சேந்தவெளிப் பெண்கள் அணியிலிருந்து ஆறு பேர் அவனோடு நிற்பார்கள். நடுவரும் ஊரில் இல்லை. இதைச் சொல்லும்போது மாமா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு மருமகளிடம் குனிந்தார்.

"ஒண்ணே ஒண்ணு மனசுல வச்சுக்க பவுனு. தண்ணி நம்ம தண்ணி."

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் கரைக்குக் கீழே, தண்ணீரை ஒட்டி மண் கெட்டிப்பட்ட இடத்தில், பவுனு தன் கையாலேயே சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டாள். ஆட வருகிறவர்களைச் சோதிப்பது நடுவர் வேலை, அதையும் செய்தாள். ஹெர்குலிஸின் நகங்களை வெட்டச் சொன்னாள். சிங்கத்தோலை அவிழ்த்து வேலியில் போடச் சொன்னாள். உடம்பெல்லாம் அவன் நாட்டு எண்ணெய் பூசியிருந்தான். எண்ணெய் இருந்தால் பிடிக்கிறவர் கை வழுக்கும், களத்தில் அதற்கு இடம் இல்லை. சீயக்காயைக் கொடுத்துப் பம்புசெட்டுக்கு அனுப்பினாள். உலகத்திலேயே பெரிய பலசாலி முணுமுணுத்துக்கொண்டே போய், கண்கள் சிவக்கத் திரும்பி வந்தான். உடம்பைத் தண்ணீரில் விட்டுக் கழுத்துகளை மட்டும் களத்துக்கு நீட்டியிருந்த ஏழுதலையிடம், கடிக்கக் கூடாது, பாடி வரும்போது தவிர வாயைத் திறக்கக் கூடாது, கழுத்தால் சுற்றிப் பிடிக்கலாம் என்றாள். ஏழு போக, நேற்று கூடுதலாக முளைத்த தலைகளைக் கோட்டுக்கு வெளியே கைகாட்டினாள். அவை ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு போய் வரிசையாகத் தரையில் தாடையை வைத்து அமர்ந்தன.

பெண்கள் அணியில் மூச்சுக்குப் பேர்போனவள் மோனிஷா. நர்சிங் படிக்கிறவள், எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பாள். முடியை இறுக்கிக் கட்டியபடி பவுனிடம் வந்து, ஏழு தலையில் எந்தத் தலையைப் பார்த்துப் பாடுவது என்று கேட்டாள். அதற்குப் பதில் பவுனுக்குத் தெரியும். நேற்றிலிருந்து அந்தக் கழுத்துகள் எங்கே மடிகின்றன என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

"என்கிட்ட கேக்காத மோனி. இன்னைக்கு நான் ஒனக்கு அக்கா இல்ல."

"அக்கா இல்லன்னா சித்தியா?" என்று சிரித்துவிட்டு, வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, மோனிஷா களத்துக்குள் போனாள்.

பாடிப் போகிறவர் ஒரே மூச்சில், கபடி கபடி என்று விடாமல் சொல்லிக்கொண்டே எதிர்ப்பக்கம் போய், தொட்டுவிட்டு, அந்த மூச்சு தீர்வதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதும், உள்ளே ஒரு வாய் காற்று இழுத்தாலும் வெளியேதான் என்பதும் எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் இங்கே அந்தக் காற்றை இழுத்தால் மயக்கம். மூச்சை அடக்குவதையே விளையாட்டாக வைத்திருந்த ஓர் ஊருக்குத்தான், மூச்சையே விஷமாக வைத்திருந்த அந்த மிருகம் வந்து சேர்ந்திருந்தது. தலைகள் ஒவ்வொன்றாகப் புஸ்ஸென்று பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டி நீண்டு வந்தபோது, பெண்கள் கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், நடுவில் பவுனும் பிடித்துக்கொண்டு நின்றாள், கரையில் வேடிக்கை பார்த்த ஊரும் பிடித்துக்கொண்டு நின்றது.

ஹெர்குலிஸ் போனபோதெல்லாம் ஒரு தலை வெளியேறியது. தலைகள் வந்தபோதெல்லாம் ஒரு பெண் வெளியேறினாள். பட்டதா என்று பவுனு யோசிப்பதற்கு முன்பே, பட்டவள் கையைத் தூக்கிக்கொண்டு தானாகவே நடந்தாள். அது அந்த ஊர்க் களத்தின் வழக்கம். நடுவர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், பட்டவர் கை தூக்க வேண்டும். முதல் பெண் அப்படிக் கை தூக்கி வெளியே போனபோது பெரியது கழுத்தைத் திருப்பி, அவள் போய் உட்காரும்வரை பார்த்துக்கொண்டிருந்தது.

இப்படிக் குறைந்து குறைந்து, அந்தப் பக்கம் பெரியதும் இன்னொரு தலையும், இந்தப் பக்கம் ஹெர்குலிஸும் மோனிஷாவும் மிஞ்சினார்கள். ஹெர்குலிஸ் போனான். இரண்டு கழுத்தும் ஒரே நேரத்தில் அவன் இடுப்பையும் காலையும் சுற்றின. அவன் விழவில்லை. ஏரியையே கட்டி இழுப்பவன் போல, இரண்டு தலைகளையும், அவற்றுக்குப் பின்னால் இருந்த மலை உடம்பையும் சேர்த்து, மண்ணில் பள்ளம் விழ அடி அடியாக இழுத்துக்கொண்டு வந்து, நடுக்கோட்டைக் கையால் அறைந்தான். ஊர் ஒரே குரலில் எழுந்தது. கலியபெருமாள் மைக்கில் ஜெயித்துவிட்டோம் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். துண்டுகள் மேலே பறந்தன.

பவுனு மட்டும், அவனுக்கு மிகப் பக்கத்தில் நின்றிருந்ததால், ஒரு கபடிக்கும் அடுத்த கபடிக்கும் நடுவில் இருந்த சிறு இடைவெளியைக் கேட்டாள். அவ்வளவு பெரிய மார்பு ஒரு வாய் காற்று உள்ளே வாங்கியிருந்தது. விஷம் அவனை ஒன்றும் செய்யவில்லை, அதனால் வேறு யாருக்கும் தெரியவில்லை. அவள் தன் நாற்றங்காலை நினைத்தாள். மஞ்சள் நுனிகளை ஒவ்வொன்றாக நினைத்தாள். வாயில் விசில் ஏற்கனவே இருந்தது.

ஊதினாள். கையை நீட்டி, ஹெர்குலிஸுக்கு வெளியே போகும் வழியைக் காட்டினாள்.

மைக் நின்றது. கூட்டத்தில் முதலில் யாருக்கும் புரியவில்லை, பிறகு எல்லோருக்கும் ஒன்றாகப் புரிந்தது. கரையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"ஏன்டி பவுனு, ஒன் நாத்துக்கு மட்டும் வானத்துலேருந்து தண்ணி ஊத்துவாங்களா?"

"மூச்சு விட்டுட்டாரு," என்றாள் பவுனு. இந்தமுறை குரல் கரைவரைக்கும் போனது.

ஹெர்குலிஸ் அவள் முன்னால் வந்து நின்றான். அவன் நிழலில் அவள் முழுவதுமாக மறைந்துபோனாள். அவன் கழுத்து நரம்பு துடிப்பது அவள் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது; அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் சீயக்காய் ஒட்டியிருந்ததும் தெரிந்தது. அவள் கையை இறக்கவில்லை. அவன் திரும்பி நடந்து போய், வெளியேறிய பெண்களுக்கு அடுத்த இடத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

மோனிஷா மட்டும் மிஞ்சினாள். இரண்டில் சிறிய தலை அவளை நோக்கிப் பாடி வந்தது. அவள் ஓடவில்லை, மூச்சை அடக்கிக்கொண்டு, வளைந்தும் குனிந்தும், பின்னங்கோட்டின் ஓரத்திலேயே விரல்கடை இடைவெளியில் நழுவிக்கொண்டிருந்தாள். தலையின் மூச்சு பெரிதா, பெண்ணின் மூச்சு பெரிதா என்பதுதான் இனி ஆட்டம். அவள் முகம் சிவந்தது, பிறகு கறுத்தது. பவுனுக்கும் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது, ஆனால் உள்ளே மிச்சம் இருந்த காற்றை விசிலுக்கென்று வைத்திருந்தாள். புஸ்ஸென்ற பாட்டு நூலாக மெலிந்து, மெலிந்து, அறுந்தது. பவுனு ஊதினாள். தலை மறுபேச்சில்லாமல் வெளியே போனது. ஊர் மறந்துபோய்க் கைதட்டியது.

அடுத்து மோனிஷா போனாள், பெரியதை நோக்கி, தனியாக. வெயில் சாய்ந்து, பித்தளைத் தலை பழுத்து நின்றது. அவள் வலம் போவது போல இடம் போனாள், அது தாழ்ந்தது, அவள் துள்ளினாள், சுண்ணாம்பும் புழுதியும் ஒரு திரையாக எழும்பின. திரை அடங்கியபோது மோனிஷா நடுக்கோட்டில் குப்புறக் கிடந்தாள், பாட்டு இன்னும் வாயில் இருந்தது. தொட்டாளா, இல்லையா? பவுனு பார்க்கவில்லை. அன்று ஓரக்கோட்டில் கொடியோடு நின்ற பெண்ணும் பார்க்கவில்லை. மோனிஷா எழுந்து பவுனை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியலக்கா. பட்ட மாதிரிதான் இருந்துச்சு."

கலியபெருமாள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பி, மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்காததைக் கொடுக்கக் கூடாது. பவுனு இரண்டு கையையும் விரித்து, ஒன்றும் இல்லை என்று காட்டுவதற்காகத் தூக்கத் தொடங்கினாள்.

அதற்குள் பெரியது எழுந்தது. கை இல்லாத பிராணி, கழுத்தையே நேராக, ஏரிக்கரைப் பனைகளின் உயரத்துக்குத் தூக்கிக் காட்டியது. எல்லோரும் பார்க்கும்வரை அப்படியே நின்றது. பிறகு தாழ்ந்து, ஓரக்கோட்டைத் தாண்டி, தானாகவே வெளியே போனது.

கலியபெருமாள் மைக்கை எடுத்தார். எத்தனையோ வருஷமாக, ஓரக்கோட்டில் நிற்பது நம்ம வீட்டுப் பொண்ணு என்று மட்டுமே சொல்லி வந்தவர், "இந்த ஆட்டத்தின் நடுவர், சேந்தவெளி பவுனாம்பாள்," என்று முழுப் பெயரையும் சொன்னார். அதன் பிறகுதான் ஊர் கத்தியது, மடைப் பக்கமாக ஓடியது, மண்வெட்டிகளோடு கரையில் ஏறியது.

ஏறினவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஏழுதலை ஏரியை விட்டுப் போகவில்லை. கரையோரத் தண்ணீரில் அத்தனை கழுத்துகளோடும் அசையாமல் நின்றது. வாக்கு மாறிவிட்டது என்று முணுமுணுப்பு எழுந்தது. பெரியது தோல்வியை ஒப்புக்கொண்டது எல்லாம் நடிப்பா என்று கலியபெருமாள் மைக்கிலேயே கேட்டார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பவுனு காலியான களத்தில் தனியாக நின்றிருந்தாள். முழங்கால் வலித்தது. சுண்ணாம்புக் கோடுகளுக்கு வெளியே, வெளியேறியவர்கள் உட்காருகிற இடத்தில், பெண்கள் எல்லாம் எழுந்து ஓடிப்போன பின்னும், ஹெர்குலிஸ் மட்டும் முழங்காலைக் கட்டிக்கொண்டு, நேராக முன்னால் பார்த்தபடி, தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவள் அவனைப் பார்த்தாள். ஏரியில் நின்ற கழுத்துகளைப் பார்த்தாள். அத்தனை கண்களும் அவள் கழுத்தில் தொங்கிய கருப்புக் கயிற்றின் மேல் இருந்தன.

ஆட்டம் முடிந்தது என்று இன்னும் யாரும் ஊதவில்லை.

பவுனு நடுக்கோட்டுக்குப் போனாள். காலைச் சேர்த்து நின்றாள். நல்ல காற்றை நெஞ்சு கொள்ளும்வரை இழுத்தாள். பிறகு, பாடிப் போன காலத்தில் எவ்வளவு நீளமாக மூச்சு இருந்ததோ அவ்வளவு நீளமாக, ஏரியின் அக்கரை வரைக்கும் கேட்கும்படி, கடைசி விசிலை ஊதினாள்.

ஏழுதலை ஒரே அசைவில் திரும்பி, கழுத்துகளைக் கட்டு விறகாக இறுக்கிக்கொண்டு, வந்த வாய்க்காலுக்குள் இறங்கியது. ஹெர்குலிஸ் எழுந்து, பின்பக்கம் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, வேலியில் போட்டிருந்த தன் தோலை எடுக்கப் போனான். மடை திறந்தது.